அடிக்கடி ஊர் மாறும் படைக் குடும்பங்களின் பிள்ளைகள்: பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

என் கணவர் சிங்கப்பூர் ஆகாயப் படையில் விமானப் பராமரிப்புப் பணியில் இருக்கிறார். அவருடைய பணியிட மாற்றத்தால் நாங்கள் குடும்பத்தோடு இரண்டு முறை அமெரிக்காவில் குடியிருந்து திரும்பியிருக்கிறோம். அரிசோனாவுக்குப் போனபோது மகளுக்கு மூன்று வயது. ஐடஹோவுக்குப் போனபோது அவளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஆறு. நாங்கள் திரும்பி வந்ததிலிருந்து, புறப்படத் தயாராகும் தமிழ்க் குடும்பங்கள் யார் மூலமாவது என் எண்ணைப் பெற்று அழைக்கிறார்கள். அவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். நான் மனநல வல்லுநர் அல்லேன். என் இரு பிள்ளைகளிடம் கண்டதையும் ஆய்வுகளில் படித்து உறுதிசெய்துகொண்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூர் இவ்வளவு சிறிய ஊர். இங்கே படையில் இருப்பவர்களின் பிள்ளைகள் எங்கே ஊர் மாறுகிறார்கள்?

தீவுக்குள் வேலை செய்யும்வரை மாற்றம் இல்லை என்பது உண்மைதான். தெங்கா தளத்திலிருந்து சாங்கி தளத்துக்கு மாற்றினாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடும் பள்ளியும் அப்படியே இருக்கும். ஆனால் நம் வான்வெளி மிகச் சிறியது என்பதால் விமானிகளின் பயிற்சியில் பெரும்பகுதி வெளிநாடுகளில் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்திலும் அரிசோனாவின் லூக் தளத்திலும் நம் பயிற்சிப் பிரிவுகள் 1993இல் தொடங்கின. பிரான்சின் கஸோ தளத்தில் 1998இலும் ஐடஹோவின் மவுன்டன் ஹோம் தளத்தில் 2009இலும் தொடங்கின. விமானிகளோடு பொறியாளர்களும் தொழில்நுட்பர்களும் போகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் தங்க வேண்டியிருப்பதால் மனைவி மக்களும் உடன் போகிறார்கள்.

பெரிய நாடுகளின் படைக் குடும்பங்களோடு ஒப்பிட்டால் நம் மாற்றங்கள் குறைவு. அமெரிக்கப் படைக் குடும்பங்கள் பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாறுகின்றன. அவர்களுடைய பிள்ளை பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஆறு முதல் ஒன்பது முறை பள்ளி மாறுவதாகச் சொல்வார்கள். அத்தகைய குடும்பங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. 1992இல் அமெரிக்கக் கடற்படையின் தளவாடப் பிரிவு ஒன்று பிலிப்பீன்சிலிருந்து செம்பவாங்குக்கு வந்தது முதல், அங்குள்ள பழைய கறுப்பு வெள்ளை வீடுகளில் அமெரிக்கப் பிள்ளைகள் வந்து வந்து போகிறார்கள். அதற்கும் முன்னர், 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறும்வரை, டோவர் சாலையில் அவர்களுடைய பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி இருந்தது. ஆகவே இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் அன்று.

எத்தனை முறை மாறினால் பிள்ளைக்குக் கெடுதல்? ஏதாவது கணக்கு உண்டா?

இத்தனை முறைக்கு மேல் கூடாது என்ற கோடு எதுவும் இல்லை. ஆனால் மாற்றம் பிள்ளையைத் தொடாமல் போய்விடும் என்று நினைப்பதும் தவறு. டென்மார்க்கில் 1982க்கும் 2003க்கும் இடையில் பிறந்த ஒரு மில்லியனுக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு 2024இல் வெளியானது. 10 முதல் 15 வயதுக்குள் ஒருமுறை வீடு மாறியவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு நோய் கண்டறியப்படும் வாய்ப்பு, மாறாதவர்களைவிட 41 விழுக்காடு அதிகமாக இருந்தது. இரண்டு முறையோ அதற்கு மேலோ மாறியவர்களுக்கு அது ஏறத்தாழ 61 விழுக்காடு அதிகம்.

இந்த எண்களைக் கேட்டுப் பதறியழுத ஒரு தாயிடம் நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். நூறு பிள்ளைகளில் நாற்பத்தொரு பேருக்கு நோய் வரும் என்பது இதன் பொருளன்று. ஏற்கெனவே குறைவாக இருக்கும் வாய்ப்பு அந்த அளவு கூடுகிறது என்பதே பொருள். மேலும், அது பொதுமக்களைப் பற்றிய ஆய்வு. மணமுறிவு, வேலையிழப்பு போன்ற காரணங்களால் வீடு மாறியவர்களும் அதில் அடங்குவர். படைக் குடும்பங்களை மட்டுமே எடுத்துக்கொண்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. ஆறு முதல் பதினேழு வயதுக்குட்பட்ட 548,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளை அது பார்த்தது. முந்தைய ஆண்டில் இடம் மாறிய பிள்ளைகள் மனநலச் சேவையை நாடுவது கூடுதலாக இருந்ததை அது கண்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் புரிவது இதுதான்: மாறிய பின் வரும் முதல் ஆண்டைத்தான் பெற்றோர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

எந்த வயதில் அழைத்துப் போவது எளிது?

ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தாய் தந்தை இருக்கும் இடம்தான் ஊர். அரிசோனாவுக்குப் போன புதிதில் என் மகள் சில வாரங்கள் கேட்டதெல்லாம் மின்தூக்கி எங்கே என்பதுதான். தரைவீட்டில் அந்தப் பொத்தானை அழுத்த முடியாததே அவளுக்குப் பெருங்குறையாக இருந்தது. ஆனால் அவ்வயதுப் பிள்ளையைத் தினமும் சோறூட்டித் தூங்கவைத்த பாட்டியை விட்டுப் போகிறீர்கள் என்றால், அந்தப் பிரிவு ஒரு பெற்றோரைப் பிரிவதற்கு நிகரானது என்பதை மறக்க வேண்டாம்.

பத்து வயதைக் கடந்த பிள்ளைக்கு நண்பர்களே வீடு. மேலே சொன்ன டென்மார்க் ஆய்வு 10 முதல் 15 வயதைக் குறிப்பிடுவதில் எனக்கு வியப்பில்லை. பிள்ளையின் வயதைப் பார்த்து உத்தரவு வருவதில்லை என்பதும் தெரியும். வயதைத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டாலும், எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பதையாவது அதைக்கொண்டு முடிவுசெய்யலாம்.

என் மகன் கூச்ச சுபாவம் உள்ளவன். நான்கு இடம் பழகினால் சரியாகிவிடுவான் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?

பெரியவர்கள் நல்லெண்ணத்தில் சொல்வது. ஆனால் அது சரியன்று. 2010இல் வெளியான ஓர் ஆய்வு 7,108 அமெரிக்கர்களைப் பத்தாண்டு இடைவெளியில் இருமுறை விசாரித்தது. சிறுவயதில் பலமுறை இடம் மாறியவர்களுள், எல்லாரிடமும் கலகலப்பாகப் பழகுவோருக்குப் பெரிய பாதிப்பு இல்லை. அடக்கமான இயல்புடையவர்களே வாழ்க்கையில் நிறைவு குறைந்தவர்களாகவும் நெருங்கிய உறவுகள் குறைந்தவர்களாகவும் இருந்தார்கள். அத்தகைய பிள்ளைக்கு ஒரு நண்பன் கிடைக்கவே ஓராண்டு ஆகும். அதன்பின் அவனைப் பறித்துக்கொண்டு போகிறோம். ஆகவே பழைய நண்பன் ஒருவனோடாவது தொடர்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய நட்பைத் தேடச் சொல்லி விரட்டுவதைவிட அது பயன் தரும்.

மாற்றம் வருகிறது என்பதைப் பிள்ளையிடம் எப்போது சொல்வது?

உறுதியான அன்றே. உறவினர்களுக்குச் சொல்வதற்கு முன்பே. தீபாவளிக்கு வந்த மாமாவின் வாயிலிருந்து தன் ஊர் மாற்றத்தை அறிந்த ஒரு பெண்பிள்ளை, இரண்டு ஆண்டுகள் கழித்தும் அதையே சொல்லிக் கொண்டிருந்தாள். சொல்லும்போது பனியையும் விளையாட்டுப் பூங்காவையும் காட்டி ஆசைகாட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். எதை எதை விட்டுப் போகிறோம் என்பதையும் பெற்றோரே முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான், வருத்தப்படலாம் என்ற அனுமதி பிள்ளைக்குக் கிடைக்கும்.

இரண்டு குடும்பங்கள் ஒரே தளத்துக்கு ஒரே ஆண்டில் போய் வந்தாலும், ஒரு வீட்டுப் பிள்ளைகள் நன்றாக இருப்பதையும் மற்ற வீட்டுப் பிள்ளைகள் வாடிப்போவதையும் கண்டிருக்கிறேன். என் அனுபவத்தில் அந்த வேறுபாடு பெரும்பாலும் விடைபெற்ற விதத்தில்தான் இருக்கிறது. நாங்கள் முதல் முறை அரிசோனாவிலிருந்து கிளம்பியபோது, மகளைத் தூங்கவைத்து அப்படியே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம், அது தவறு. இரண்டாம் முறை, சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டைக் காலிசெய்தபோது வேறுவிதமாகச் செய்தோம். சமையலறைக் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் ஆண்டுதோறும் குறித்து வைத்திருந்தோம். வாடகைக்கு விடுவதற்காகச் சாயம் பூச ஆள் வருவதற்கு முதல் நாள், கணவர் தம் பழைய வேட்டி ஒன்றின் ஓரத்தை நீளமாகக் கிழித்து, நிலையில் ஒட்டிப் பிடித்து, ஒவ்வொரு கோட்டையும் துணியில் இறக்கினார். மகன் எழுதத் தெரிந்த அளவில் பக்கத்தில் 'ஈசூன்' என்று எழுதினான். அந்தத் துணி ஐடஹோ வீட்டுக் கதவிலும் தொங்கியது. அதில் இப்போது மூன்று ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன.

போய் மூன்று மாதம் ஆகிறது. யாரோடும் பேசுவதில்லை, உணவு இடைவேளையில் தனியாக உட்காருகிறான். கவலைப்பட வேண்டுமா?

முதல் மூன்று மாதம் தனிமை இயல்பானது. அந்த நாள்களில் வாரந்தோறும் தவறாமல் நடக்கும் ஒரே ஒரு நடவடிக்கையைப் பிடித்துக்கொள்வது உதவும். எங்கள் மகனுக்கு அது சனிக்கிழமைக் கால்பந்து. 'நண்பர்கள் கிடைத்தார்களா?' என்று தினமும் கேட்காதீர்கள். கிடைக்கவில்லை என்று தினமும் சொல்வது ஒரு பிள்ளைக்கு அவமானம். 'இன்று யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?' என்று கேட்டால் போதும்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போவது, முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போவது, பள்ளிக்குப் போகும் காலையில் மட்டும் வயிற்றுவலி வருவது, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற பேச்சு இவை எல்லாம் காத்திருக்கக் கூடாதவை. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். பள்ளி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ போங்கள். சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு என்றால், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே அழைத்துப் பேசக்கூடிய 'டிங்கிள் ஃபிரெண்ட்' உதவித் தொலைபேசியைச் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் நடத்துகிறது. உதவி தேடினால் கணவரின் பதவி உயர்வு பாதிக்குமோ என்று தயங்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் உடல்நலத்துக்கு மருத்துவரிடம் போகும்போது அந்தத் தயக்கம் வருவதில்லையே.

அமெரிக்காவில் படைப் பிள்ளைகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறதாமே? அது நமக்கும் பொருந்துமா?

2008இல் நடைமுறைக்கு வந்து பின்னர் எல்லா மாநிலங்களும் ஏற்ற மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. பள்ளி மாறும்போது பதிவுகள் விரைவாக வந்து சேர்வது, படித்த பாடங்களைப் புதிய பள்ளி ஏற்றுக்கொள்வது போன்றவற்றை அது உறுதிசெய்கிறது. ஆனால் அது அமெரிக்கப் படையினரின் பிள்ளைகளுக்கானது. எனவே மதிப்பெண் பதிவு, தடுப்பூசிச் சான்று, ஆசிரியர் கடிதம் ஆகியவற்றைக் கையிலேயே எடுத்துச் செல்லுங்கள். ஆண்டின் நடுவில் வந்து நடுவில் போகும் பிள்ளைகள் தளத்தை ஒட்டிய பள்ளிகளுக்குப் பழக்கம் என்பதால், சட்டம் இல்லாவிட்டாலும் ஆசிரியர்கள் புரிந்துகொள்வார்கள்.

இந்தியாவிலும் இதே தேவைதான் ஒரு பெரிய பள்ளி அமைப்பை உருவாக்கியது. பணியிட மாற்றத்துக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்கள், படையினர் ஆகியோரின் பிள்ளைகளுக்காக 1963இல் தொடங்கிய கேந்திரிய வித்யாலயாக்களில் எந்த ஊருக்குப் போனாலும் அதே பாடத்திட்டம் தொடரும். இந்தியப் படையில் உறவினர் இருப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

சிங்கப்பூரில் பள்ளி இடம் என்னவாகும்? திரும்பி வரும்போது எந்த வகுப்பில் சேர்ப்பார்கள்?

போகும் முன் பள்ளியில் நீண்ட விடுப்புக்கு விண்ணப்பித்து இடத்தைத் தக்கவைக்க வழி இருக்கிறது. முதலில் பள்ளி அலுவலகத்தைக் கேளுங்கள். உயர்நிலை வகுப்புகளில் சேர வேண்டிய பிள்ளைகளுக்கு, நாடு திரும்பும் சிங்கப்பூரர்களுக்கென்று கல்வி அமைச்சு 'ஸ்பெர்ஸ்' என்ற சேர்க்கைத் தேர்வை நடத்துகிறது. தேதிகளும் விதிகளும் மாறக்கூடும் என்பதால் அமைச்சின் இணையப்பக்கத்தை ஆறு மாதத்துக்கு முன்பே பாருங்கள்.

பலர் கவனிக்காதது கல்வியாண்டு வேறுபாடு. ஆஸ்திரேலியாவில் நம்மைப் போலவே ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளி தொடங்குகிறது. அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தொடங்குகிறது. ஜூனில் திரும்பும் பிள்ளை நம் வகுப்பின் நடுவில் வந்து விழுகிறது. கணிதத்தில் அரையாண்டுப் பாடம் தெரியாமல் நிற்கிறது. அதைப் பிள்ளையின் திறமைக் குறைவு என்று எண்ணி, வந்த வாரமே நான்கு துணைப்பாட வகுப்புகளில் சேர்த்துவிடாதீர்கள்.

அங்கே தமிழே இல்லை. தமிழ்ப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்டுவிடலாமா?

நீண்ட காலம் வெளிநாட்டில் படித்த பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கோரலாம்; உயர்நிலையில் எளிதாக்கப்பட்ட தமிழ் 'பி' பாடத்திட்டமும் இருக்கிறது. ஆனால் அவசரப்பட்டு விலக்குக் கேட்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஊர் மாறும் பிள்ளைக்கு வீடு, பள்ளி, நண்பர்கள், வானிலை எல்லாமே மாறுகின்றன. மாறாமல் கூடவே வருவது வீட்டில் பேசும் மொழி ஒன்றுதான்.

ஐடஹோவில் கோடைக்காலச் சனிக்கிழமை மாலை ஏழு மணி என்றால் ஈசூனில் ஞாயிறு காலை ஒன்பது. அந்த நேரத்தில் பிள்ளைகள் இருவரும் அப்பத்தாவோடு காணொளியில் பேசுவார்கள். அவருக்கு ஆங்கிலம் வராது என்பதே எங்களுக்குப் பெரிய உதவியாயிற்று. அவர் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே அந்த வாரக் கதையைச் சொல்லச் சொல்லுவார். பிள்ளைகள் சொல் தெரியாமல் தடுமாறும்போது அவரே எடுத்துக் கொடுப்பார். தேசிய நூலக வாரியத்தின் தமிழ் மின்னூல்களை வெளிநாட்டிலிருந்தும் இரவல் பெற முடிந்தது. எழுத்துப் பயிற்சியில் நாங்கள் கோட்டைவிட்டோம். திரும்பி வந்தபின் மகன் 'ற', 'ர' இரண்டையும் குழப்பி ஓராண்டு பட்ட பாடு கொஞ்சமில்லை. வாரம் ஒரு பக்கமாவது கையால் எழுதவைத்திருக்க வேண்டும்.

திரும்பி வந்துவிட்டோம். இப்போதுதான் மகள் அழுகிறாள், 'வீட்டுக்குப் போகணும்' என்கிறாள். இதுதானே வீடு?

நமக்கு இது வீடு. அவளுக்கு இது பெற்றோர் வளர்ந்த ஊர். எல்லாக் கேள்விகளிலும் மிகக் கடினமானது இதுதான். வெளிநாடு போகும்போது பிள்ளை தடுமாறும் என்று எல்லாரும் எதிர்பார்த்துப் பரிவு காட்டுகிறோம். திரும்பும்போது அது தானாகப் பொருந்திவிடும் என்று நினைத்து யாரும் பரிவு காட்டுவதில்லை. வேறொரு பண்பாட்டில் வளரும் பிள்ளைகளை 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்று முதலில் அழைத்தவர் ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோது அந்தச் சொல் பிறந்தது. பெற்றோரின் ஊர் ஒன்று, வாழும் ஊர் ஒன்று. இரண்டிலும் முழுதாகச் சேராமல், தங்களைப் போன்றவர்களோடு மட்டும் எளிதாகச் சேர்ந்துகொள்ளும் மூன்றாவது ஒன்று.

என் மகள் திரும்பியபோது பதினான்கு வயது. வகுப்பில் அவளுடைய ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். ஓர் ஆசிரியரே "இது அமெரிக்கா இல்லை" என்று சொன்னார். அவள் ஒரு அட்டைப்பெட்டியை ஐந்து மாதம் பிரிக்கவே இல்லை. பிரி பிரி என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அதற்குள் என்ன இருக்கிறது, எனக்குக் காட்டுவாயா?" என்று கேட்டேன். அந்தப் பள்ளியின் சட்டை, பனிக் கையுறை ஒற்றை, தோழிகள் கையெழுத்திட்ட ஒரு தலையணை உறை. அன்றிரவு அவள் முதன்முறையாக அங்கிருந்த தோழியைப் பற்றி முழுதாகப் பேசினாள். ஆகவே என் பதில்: 'இதுதான் வீடு' என்று திருத்தாதீர்கள். விட்டுவந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள். விடைபெறுவதைப் பற்றி மேலே சொன்னது முழுவதும் திரும்பும் பயணத்துக்கும் பொருந்தும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? அப்பா மட்டும் போகட்டும், நாங்கள் இங்கேயே இருந்தால் என்ன?

தேர்வு ஆண்டில் இருக்கும் பிள்ளை உள்ள குடும்பங்கள் பல அப்படித்தான் செய்கின்றன. தவறென்று சொல்ல மாட்டேன். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கு எட்டு மாதம் இருக்கும்போது பிள்ளையைப் பிடுங்கி நட வேண்டியதில்லை. ஆனால் மூன்று ஆண்டு என்பது ஒரு பிள்ளைக்கு நீண்ட காலம். ஏழு வயதில் விட்டுப் போன தந்தை பத்து வயதில் திரும்பும்போது, வீட்டின் ஒழுங்குகள் அவர் இல்லாமலே அமைந்திருக்கும். அவர் விருந்தாளி போல் நிற்பார். ஓராண்டுக்கு உட்பட்ட பிரிவு என்றால் இங்கேயே இருக்கலாம், அதற்கு மேல் என்றால் கூடப் போகலாம் என்பது என் கருத்து.

மகனுக்குப் பதின்மூன்று வயது ஆகப்போகிறது. தேசிய சேவை (கட்டாயப் படைச் சேவை) தொடர்பாக ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆம். பதின்மூன்று வயது முதல், நீண்ட காலம் வெளிநாட்டில் இருக்கப்போகும் ஆண்பிள்ளைகளுக்கு வெளியேறும் அனுமதி தேவை. தந்தை படையில் இருக்கிறார் என்பதால் அது தானாகக் கிடைத்துவிடாது. புறப்படும் முன் விண்ணப்பியுங்கள். வெளிநாட்டில் இருக்கும்போதே பதின்மூன்று நிறைந்தால் அப்போதும் மறக்காதீர்கள்.

என் பெண், 'அப்பா இந்த வேலையை விட்டுவிடட்டும்' என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

நாட்டுக்காக என்று சொல்லி வாயை அடைக்க வேண்டாம். அது உண்மைதான் என்றாலும், அந்தக் கணத்தில் அவள் கேட்பது அதையன்று. என் மகளும் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் இதையே சொன்னாள். கணவர் சிறிது நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு எதெல்லாம் போயிற்று, சொல்" என்றார். அவள் சொன்னாள்: இரண்டு தோழிகள், பள்ளி இசைக்குழுவில் கிடைத்திருந்த இடம், வீட்டுக்குப் பின்னால் வந்துபோன ஒரு பூனை. அவர் எதையும் மறுத்துப் பேசவில்லை. பிறகு, தாம் பராமரிக்கும் விமானத்தில் எதைச் சரிபார்க்கிறார், அது தவறினால் விமானிக்கு என்ன ஆகும் என்பதை அவளுக்குப் புரியும்படி சொன்னார். அதுவரை தந்தை என்ன வேலை செய்கிறார் என்பதே அவளுக்கு முழுதாகத் தெரியாது என்பது எங்களுக்கு அன்றுதான் விளங்கியது.

பிள்ளையின் வருத்தத்துக்குச் செவிசாய்த்த பின், நம்மால் ஆனதைச் செய்து காட்டவும் வேண்டும். அமெரிக்கத் தரைப்படையில், பிள்ளை உயர்நிலைப் பள்ளியின் இறுதியாண்டை ஒரே ஊரில் முடிப்பதற்காகப் பணியிட மாற்றத்தை ஒத்திவைக்கும்படி பெற்றோர் விண்ணப்பிக்கலாம். நம் படையிலும் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கிடைக்காது என்று நாமே முடிவுசெய்துகொண்டு கேட்காமல் இருப்பதுதான் தவறு. மகள் உயர்நிலைப் படிப்பை முடிக்கும்வரை வெளிநாட்டுப் பணி வேண்டாம் என்று என் கணவர் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும் முன் அந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினார். ஓராண்டுக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு மீண்டும் எழுத வேண்டும்.